வெண்ணெய் இல்லாத வீட்டில் கொழுப்பு

1

இந்தக் கதையை எழுத வைத்தது, விடை கிடைக்காத ஒரு சின்னச் சந்தேகம். எண்பதுகளின் நடுவில், பின்லாந்தின் வட கரேலியாவில், மாட்டுப் பண்ணைக்காரன் தௌனோ ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை விட்டான். சிகரெட்டையும் விட்டான். ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் இறங்கியது. பிறகு பிடிவாதமாக அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்று அவன் மனைவி லெம்பிக்கு விளங்கவில்லை. எழுத உட்கார்ந்தபோது எனக்கும் விளங்கவில்லை.

லெம்பியின் பயம் சும்மா வந்ததல்ல. தௌனோவின் அண்ணன் வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் விழுந்து இறந்தான். அந்த வயதை இந்தக் கோடையில் தௌனோ எட்டுகிறான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நீராவிக் குளியலறைப் பலகைக்கு அடியில் லெம்பியின் கைக்கு ஒரு வெண்ணெய்க் கட்டி...’

(வேண்டாம். அந்தச் சூட்டில் வெண்ணெய் கட்டியாக இருக்குமா?)

வரியை அடித்தேன், அவன் திருட்டுத்தனமாகத் தின்கிறானோ என்ற சந்தேகத்தை அடிக்க முடியவில்லை. தௌனோவை நான் நம்பவில்லை. லெம்பியும் நம்பவில்லை. அவன் பக்கத்துப் பண்ணைக்குப் போய்வந்தால் பேசுகிற சாக்கில் அருகே போய் முகர்ந்து பார்த்தாள். கடைசியில் கேட்டேவிட்டாள்.

“எங்க போய்த் தின்னுட்டு வர்ற?”

“மாடு வெச்சிருக்கேன், பால் கறக்கறேன், வெண்ணெய் தின்னல. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன பண்ணுவான்?”

“உங்கண்ணன் பொண்டாட்டியும் இப்படித்தான் நம்பிக்கிட்டிருந்தா.”

அந்த ஊரில் கோபம் சத்தம் போடாது. கதவை மெதுவாகச் சாத்தும். தௌனோ சாத்தினான்.

3

கதையைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு, சாப்பாட்டை மாற்றினால் சில வாரங்களிலேயே இறங்கத் தொடங்கும். ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்தது அப்படியல்ல. அது பழைய குடித்தனக்காரன். சீக்கிரம் காலி செய்யாது. மேலும் படியாமல் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டால் ஆபத்து குறைந்துகொண்டே போகும். ஆகவே தௌனோவுக்கு வேண்டியது ஒருநாள் வீரமல்ல, சலிக்காத பழக்கம். பழக்கமோ அவனிடம் இருந்தது. பிறகென்ன?

4

ஊர் நர்ஸ் ரைலி வந்தாள். கணவனை வைத்துக்கொண்டே லெம்பி அவனைப் பற்றிப் புகார் சொன்னாள். சொல்லிக்கொண்டே காப்பி ஊற்றினாள். [முந்தைய வரைவுகளில் இந்தக் காப்பி இல்லை. அந்த ஊரில் காப்பியும் காற்றைப் போலத்தான், அதை யார் எழுதுவார்கள்?] ரைலி கோப்பையைச் சாய்த்து, மேலே மினுங்கிய மெல்லிய படலத்தைப் பார்த்தாள்.

“காப்பி எப்படிப் போடறீங்க?”

“எல்லாரையும் போலத்தான். தூளைப் போட்டுக் கொதிக்கவிடுவேன், அடங்கினதும் ஊத்துவேன்.”

“அவர் எத்தனை குடிப்பார்?”

தௌனோ சிரித்தான். “காப்பியைப் போய் எவனாச்சும் எண்ணுவானா? சிகரெட்டை விட்டதுலேர்ந்து கை சும்மா இருக்க மாட்டேங்குது. இவளும் ஊத்திக்கிட்டே இருக்கா.”

கொதிக்கும்போது தூளிலிருந்து ஒருவித எண்ணெய் இறங்குகிறது, அதுவும் ரத்தக் கொழுப்பை ஏற்றும் என்று இப்போது கண்டிருக்கிறார்கள் என்றாள் ரைலி.

லெம்பி காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சிகரெட் இருந்த இடத்தில் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தது அவள் கைதான். பரிவோடுதான் வைத்தாள்.

“அப்போ நீ தின்னல” என்றாள்.

“அதத்தானே சொன்னேன்.”

5

முடிவுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில், கோடையில் வைக்கோல் வெளிக்குப் போன தௌனோ... இல்லை, அதை எழுத எனக்குக் கை வரவில்லை. இன்னொன்றில் அவன் தொண்ணூறு வயதில் உட்கார்ந்து லெம்பியை வம்புக்கு இழுக்கிறான். அதை எழுதினால் பொய் சத்தியம் செய்த மாதிரி ஆகிவிடும். ஆபத்து குறைந்தது என்றால் ஒழிந்தது என்று அர்த்தமில்லை. அந்தக் கோடையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: லெம்பி காப்பியை வடிதாளில் வடிக்கத் தொடங்கினாள். எண்ணெய் தாளிலேயே தங்கிவிட்டது. அடுத்த பரிசோதனையில் கொழுப்பு இறங்கியிருந்தது. இனி ஒவ்வொரு முறையும் வடிக்க வேண்டும்.