நான் அப்பாவைக் கொன்ற சனிக்கிழமை

சேவை மனப்பான்மை என்று என்னிடம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைத் தூக்கி வைத்துப் பேசிவிடக் கூடாது. பொம்மசந்திராவில் பம்புசெட் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் எங்கள் வெல்ஃபேர் ஆபீசர் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார். சனிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய், கேன்சர் வார்டுக் குழந்தைகளை இரண்டு மணி நேரம் சந்தோஷப்படுத்துகிறவர்களுக்கு அரை நாள் வேலையிலிருந்து விலக்கு. விலக்கு என்ற வார்த்தையைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். சுப்ரமணியன், ஸ்டோர்ஸ் என்று முதல் ஆளாக எழுதினேன். இரண்டாவது ஆள் யாரும் எழுதவில்லை.

முதல் சனிக்கிழமை சிங்கமும் முயலும் கதை சொன்னேன். சிங்கம் கிணற்றை எட்டிப் பார்ப்பதற்குள் ஆறு வயதுப் பொடியன் ஒருவன், "இது தெரியும் அங்கிள், வேற இருந்தா சொல்லுங்க" என்றான். வேறு இல்லை. இரண்டாவது சனிக்கிழமை ரயில், காக்கா, குக்கர் விசில் என்று குரல் மாற்றிக் காட்டினேன். கால் மணி நேரத்தில் வார்டே தூங்கிவிட்டது. நர்ஸ் பவுலின் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ் அண்ணா. ரெண்டு நாளா கண்ணு மூடாத பிள்ளைங்க எல்லாம் தூங்கிடுச்சு." என் கலையை அதற்கு முன்னும் பின்னும் இப்படி யாரும் பாராட்டியதில்லை.

அன்றைக்குத்தான் பவுலின் ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினார். அங்கே பத்து வயதுப் பெண் ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பெயர் சிந்து. ஜீவனஹள்ளிக்காரி. ரத்தத்தில் கேன்சர், ஐந்து மாதமாக வைத்தியம். பக்கத்துக் கட்டிலில் மமதா என்று அதே வயதுப் பெண் இருந்திருக்கிறாள். இருவரும் எந்நேரமும் சிரித்துக்கொண்டு கிடப்பார்களாம். ஒரு நாள் காலையில் கண் விழித்தால் மமதாவின் கட்டில் காலி. ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள் பெரியவர்கள். மமதா செத்துட்டாளாம்மா என்று சிந்து கேட்டிருக்கிறாள். அம்மா ஜகதாம்பாள் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தி, அந்த வார்த்தையை வாயில் எடுக்காதே என்று அதட்டிவிட்டாளாம். அன்றிலிருந்து சிந்து எந்த வார்த்தையையும் வாயில் எடுக்கவில்லை.

"பன்னெண்டு நாளாச்சு அண்ணா. எங்க வலிக்குதுன்னுகூட டாக்டர்கிட்ட சொல்ல மாட்டேங்கறா. சொல்லலைன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்? ஏதாவது ஏடாகூடமாயிடும்னு பயமா இருக்கு. அவங்கம்மா வேற பாதி உயிராயிட்டாங்க. நீங்க எதையாவது செஞ்சு அவளை ஒரு வார்த்தை பேச வைங்க" என்றார் பவுலின்.

நட்டு போல்ட்டைத் தவிர வேறு எதையும் என்னை நம்பி யாரும் ஒப்படைத்ததில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் இங்கிலீஷ் பத்திரிகையை எட்டிப் பார்த்துப் படித்தேன். வெளிநாட்டில் ஓர் ஆபீசே கேன்சர் குழந்தைகளுக்குத் துணையாக மொட்டையடித்துக்கொண்டதாம். பத்துப் பேர் மொட்டைத் தலையோடு பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவில் நின்றார்கள். ஆகா, இதுதான் வழி என்று துள்ளினேன். அவர்கள் ஊரில் மொட்டை வெறும் மொட்டை. நம் ஊரில் அப்படி இல்லை என்பது ஏழு கழுதை வயதான எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் லீவு போட்டுவிட்டு, கோவிந்தப்பா சலூனில் போய் உட்கார்ந்து, மொட்டை என்றேன். ஓயாமல் அரசியல் பேசுகிற மனிதர் அன்று வாயே திறக்கவில்லை. தலையை முடித்துவிட்டு, நான் சுதாரிப்பதற்குள் ஒரே இழுப்பில் மீசையையும் எடுத்துவிட்டார். பதினேழு வருஷத்து மீசை!

"யோவ், மீசையை யாருய்யா எடுக்கச் சொன்னது?"

"அதுவும் சேர்த்துதான சார் முறை" என்றார் அவர், மெல்லிய குரலில். வாசல் வரை வந்து வழியனுப்பியும் வைத்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக் கதவைத் திறந்த என் மனைவி சரளா, என்னைப் பார்த்ததும் கதவை மூடிவிட்டாள். அப்புறம் திறந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கற மனுஷனுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? தெருவுல பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள். நினைக்கட்டும், இது சேவை என்றேன். அந்தத் திமிருக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

'குழந்தைகளே, பாருங்கள், நானும் உங்களில் ஒருவன்' என்று ஆரம்பிக்கும் ஒரு பேச்சு தயாராக இருந்தது. குளியலறையில் நான்கு முறை சொல்லிப் பார்த்திருந்தேன். நான்கு முறையும் எனக்கே கண் கலங்கியது. அதே உருக்கத்தோடு வார்டுக்குள் நுழைந்தேன். தாய்மார்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஜகதாம்பாள் ஓடியே வந்துவிட்டாள்.

"அய்யோ அண்ணா! என்னண்ணா இது? யாரு? அப்பாவா, அம்மாவா?"

இல்லையம்மா, உங்கள் குழந்தைகளுக்காகத்தான் மொட்டை போட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே சிந்து படுத்திருந்தாள். தலையில் ஒரு முடி இல்லை, புருவம் இல்லை. அவள் யாரைக் கேட்டு மொட்டையானாள்? எனக்கு இரண்டே மாதத்தில் முளைத்துவிடும். வேலையில்லாத ஒருவன் செய்த வேடிக்கையை இவர்களிடம் எந்த வாயால் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மாவைச் சொல்ல மனசு வரவில்லை. அப்பாவா என்றதற்குத் தலையை ஆட்டிவிட்டேன்.

அவ்வளவுதான். ஆம்பூரில் அந்த நேரம் அப்பா பேப்பரில் ராசிபலன் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அதில் இதைப் பற்றி ஒன்றும் போட்டிருக்காது.

பவுலின் நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஒரு தாய் தன் பையனுக்கு வைத்திருந்த ஆரஞ்சை உரித்துக் கையில் திணித்தாள். வார்டு ஆயா சந்திரம்மா, "ஐயோ தேவரே! பேஜார் பண்ணிக்காத தம்பி" என்று, வருத்தப்படாதே என்பதைப் பாதிக் கன்னடத்தில் சொல்லி என் முதுகைத் தடவினார். கதையில் என்னை மடக்கிய அந்தப் பொடியன் தன் பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்துவிட்டு, "உங்களுக்கும் ஊசி போட்டாங்களா அங்கிள்? முதல்ல வாந்தி வரும், அப்புறம் சரியாயிடும்" என்றான். மாதக்கணக்கில் ஆறுதல் வாங்கி வாங்கி அலுத்துப்போன ஜனங்கள் அவர்கள். கொடுப்பதற்கு ஓர் ஆள் கிடைத்ததும் எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் அந்த வார்டுக்கு நான் கொடுத்த ஒரே சந்தோஷம் என் அப்பாவின் சாவுதான்.

கூட்டம் கலைந்ததும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். துக்கத்தினால் இல்லை, அசடு வழிந்தது. அப்போது பக்கத்தில் ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"உங்கம்மா சாப்பிட்டாங்களா?"

சிந்து இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"என்னம்மா கேட்ட?"

"உங்கப்பா செத்துட்டாரு இல்ல. அப்புறம் உங்கம்மா சாப்பிட்டாங்களா? எத்தனை நாள் கழிச்சு?"

"ஏம்மா அதைக் கேக்கற?"

"எங்கம்மா இப்பவே சரியா சாப்பிட மாட்டேங்குது. நான் செத்துட்டா சுத்தமா சாப்பிடாது. இங்க யாரைக் கேட்டாலும் வாயை மூடுங்கறாங்க. உங்க வீட்டுலதான் ஒருத்தர் நிஜமாவே செத்துட்டாரு. அதான் உங்களைக் கேக்கறேன். நிஜத்தைச் சொல்லுங்க அங்கிள்."

மூன்றாம் நாளே சாப்பிட்டார்கள் கண்ணு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பத்தொன்பது நாள் வாயைப் பூட்டிக்கொண்டு கிடந்த பெண், நிஜம் சொல்லக்கூடிய ஆள் என்று அத்தனை பேரில் என்னைப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். அந்தப் பொல்லாத நேரத்தில் எனக்கு அழுகையும் வந்தது, என்னையே அறையலாம் போலவும் இருந்தது.

"சிந்து, எங்கப்பா சாகலைம்மா. ஆம்பூர்ல குத்துக்கல்லாட்டம் இருக்காரு."

அவள் கண் சுருங்கியது. "அப்ப மொட்டை?"

"உனக்காகத்தான் போட்டேன். நீ பார்த்துட்டு ஏதாவது பேசுவேன்னு."

"எனக்கா? நான் கேட்டேனா?"

"கேக்கலை."

"மீசை?"

"அது தப்பா எடுத்துட்டாங்க."

என் தலையைப் பார்த்தாள், மீசை இருந்த இடத்தைப் பார்த்தாள். அவள் வயிறுதான் முதலில் குலுங்கியது. பிறகு சிரித்தாள் பாருங்கள், ட்ரிப்ஸ் பாட்டில் ஸ்டாண்டோடு ஆடியது. "சகிக்கலை அங்கிள்! மண்டை வேற ஒரு பக்கம் சப்பையா இருக்கு!" என்றாள். முப்பத்தாறு வருஷமாக முடிக்குள் மறைத்து வைத்திருந்த குறையை வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள். சிரித்து முடித்ததும் முகம் பழையபடி வாடியது.

"அப்ப உங்களுக்கும் தெரியாது."

"தெரியாதும்மா. அது உங்கம்மாவுக்குத்தான் தெரியும். அவங்களைக் கேளு."

"அழும்."

"அழட்டும். கேளு."

நிமிர்ந்தால், கையில் வெந்நீர் பிளாஸ்கோடு ஜகதாம்பாள் நின்றிருந்தாள். மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டு ஓடிவந்திருக்கிறாள். எவ்வளவு காதில் விழுந்ததோ, என்னை ஒரு பார்வை பார்த்தாள். உயிரோடு இருக்கிற அப்பாவைச் சாகடித்த பாவி என்று திட்டப்போகிறாள் என நினைத்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என்னடி கண்ணு கேக்கணும்? கேளு."

"நான் செத்துட்டா நீ சாப்பிடுவியா?"

ஜகதாம்பாளின் கை எழுந்தது. மறுபடியும் வாயைப் பொத்தப்போகிறாள் என்று நான் பயந்தேன். அந்தக் கை சிந்துவின் கன்னத்தில் போய் நின்றது.

"உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான்டி இங்க கெடக்கறேன். ஆயிட்டா, சாப்பிட மாட்டேன். ரெண்டு நாள், மூணு நாள், பச்சைத் தண்ணிகூட இறங்காது. அப்புறம் உன் தம்பி பசிக்குதுன்னு வந்து நிப்பான். அவனுக்குப் போட்டுட்டு நானும் ரெண்டு வாய் சாப்பிடுவேன். அழுதுக்கிட்டே சாப்பிடுவேன். ஆனா சாப்பிடுவேன்."

சிந்து அதை நன்றாக யோசித்துப் பார்த்தாள்.

"முதல்ல அழுது முடிச்சுடும்மா. அப்புறம் சாப்பிடு. அழுதுக்கிட்டே சாப்பிட்டா புரையேறும்."

ஜகதாம்பாள் அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். இருவருமே அழுதார்கள். அழுகைக்கு நடுவிலேயே சிந்து, முதுகில் இங்கே வலிக்கிறது, இரண்டு வாரமாக வலிக்கிறது என்று அம்மாவின் கையைப் பிடித்துக் காட்டினாள். பவுலின் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

நான் வராந்தாவுக்கு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். தேம்பித் தேம்பி அழுகை வந்தது. அடக்கவே முடியவில்லை. சந்திரம்மா பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழு தம்பி. அப்பான்னா சும்மாவா?"

"அம்மா, எங்கப்பா சாகலைம்மா. நல்லாத்தான் இருக்காரு. பொய் சொல்லிட்டேன்."

சந்திரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப எதுக்குப்பா அழறே?"

"தெரியலைம்மா."

"சரி, அழு" என்றார். நான் அழுது முடிக்கிற வரைக்கும் எழுந்து போகவில்லை.