டெனிஸுக்குக் கிடைத்த சாவி

டெனிஸ் ஆஹோவுக்குச் சாவி கிடைத்துவிட்டது என்று வார்டு மேனேஜர் பேட்ரிஸ் காலைக் கூட்டத்தில் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளே வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

சாவி என்பது பழைய பேச்சு. வலிமருந்து அலமாரி இப்போது விரலை வைத்தால்தான் திறக்கும். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அது இன்னமும் சாவிதான். நானும் டெனிஸும் ஒரே தப்பைச் செய்தவர்கள். நோயாளிக்குப் போக வேண்டிய வலிமருந்தைப் போதைக்காக எங்கள் கையிலேயே குத்திக்கொண்ட நர்ஸ்கள். மாட்டினோம், சிகிச்சைக்குப் போனோம், தெளிந்து வந்தோம். நர்ஸிங் போர்டு லைசென்ஸைத் திருப்பித் தந்தது. கூடவே நாலு பக்கம் நிபந்தனையும் தந்தது. இரவு ஷிப்ட் கூடாது. தினமும் காலையில் ஒரு நம்பருக்குப் போன் போட்டு, இன்றைக்குப் போதைச் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். போர்டு மனமிரங்கிச் சாவி கொடுக்கும்வரை வலிமருந்தைக் கையால் தொடக் கூடாது.

நான் இருபத்தொரு மாதமாகக் காத்திருக்கிறேன். அவள் வந்து பதினான்கே மாதம். என் மகள் கல்யாணத்தன்று காலை போன் போட மறந்துபோனேன். போடாத போன் போதையில் இருந்ததற்குச் சமம் என்பது அவர்கள் சட்டம். அந்த ஒரு நாளுக்காக என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். டெனிஸ் ஒரு நாளும் மறந்ததில்லை. சிறுநீர் கொடுக்கும்போது ஒரு பெண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்போதுகூட டெனிஸுக்கு உடனே வந்துவிடும். நான் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொடுத்துவைத்தவள், வேறென்ன சொல்ல?

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. என் நோயாளிக்கு வலி என்றால் சாவி உள்ள வேறொரு நர்ஸ் வந்து ஊசி போடுவாள். பதிலுக்கு அவளுடைய நோயாளி ஒருவருக்கு நான் பீ துடைத்துப் படுக்கை மாற்றுவேன். ஓர் ஊசிக்கு ஒரு படுக்கை. இத்தனை நாளும் நானும் டெனிஸும் சேர்ந்துதான் துடைத்தோம். கையுறையை மாட்டிக்கொண்டு, சாவிக்காரிகளை ஒவ்வொருத்தியாகத் திட்டிச் சிரிப்போம். இப்போது அவளும் சாவிக்காரி.

"லார்னா, உன் ஏழாம் நம்பருக்கு ஊசி போட்டுட்டேன்," என்றாள் மறுநாள். "நீ எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். நமக்குள்ள என்ன?"

"நமக்குள்ள ஒண்ணுமில்ல. எந்த ரூம்னு சொல்லு."

"பதினொண்ணு. ஆனா..."

"ஆனாலும் கிடையாது கீனாலும் கிடையாது. வழி விடு."

பதினொன்றாம் அறைக் கிழவர் அன்றைக்கென்று வயிற்றுப்போக்கில் கிடந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன். வாயில் வந்ததெல்லாம் அவள் பெயர்தான்.

எனக்கும் நாள் குறித்திருந்தார்கள். பதினைந்தாம் தேதி போர்டு என் விஷயத்தை எடுக்கப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, போகும்போதும் வரும்போதும் படிப்பேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சாவி இல்லாத நர்ஸை எந்த வார்டும் ரொம்ப நாள் சுமக்காது. என்னை எப்போது கழற்றிவிடுவார்கள் என்ற பேச்சு ஏற்கெனவே என் காதில் விழுந்திருந்தது.

புதன்கிழமை தோறும் மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் நானும் டெனிஸும் என் காரில் ஒன்றாகப் போவோம். சர்ச்சின் அடித்தளத்தில் எங்களைப் போன்ற நர்ஸ்களின் கூட்டம் நடக்கும். போகாவிட்டால் அதுவும் போர்டுக்குப் போய்ச் சேரும். அங்கே ஒவ்வொருத்தியும் எழுந்து, இந்த வாரம் தன்னைத் தெளிவாக வைத்திருந்தது எது என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும். கடவுள் என்பார்கள், பிள்ளைகள் என்பார்கள். நான் எப்போதும் என் நாயைச் சொல்வேன். அது ஒன்றுதான் என்னை நம்புகிறது.

பதினைந்துக்கு எட்டு நாள் இருந்த புதன்கிழமை அது. எங்கள் ஊர் டூலூத்தின் செங்குத்தான தெருக்களில் பனி இறுகிக் கிடந்தது. கார் ஏரிப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது டெனிஸ் உதட்டுக் களிம்பு தேடிச் சட்டைப்பையில் கையை விட்டாள்.

"கடவுளே," என்றாள்.

"என்னடி?"

அவள் கையிலிருந்து எதுவோ நழுவி என் மடியில் விழுந்தது. காரை ஓரங்கட்டினேன். மடியில் கிடந்தது ஓர் ஊசிக்குழல். மூடி போட்டு, லேபிள் ஒட்டி, பாதி மருந்தோடு.

நோயாளிக்குப் பாதி போதும் என்றால் மீதியை இன்னொரு சாவிக்காரியின் கண்முன்னால் பீய்ச்சிக் கொட்டி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். டெனிஸ் பாதியைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது பக்கத்துப் படுக்கைக்காரர் ஆக்ஸிஜன் குழாயைப் பிடுங்கிவிட்டாராம். ஊசிக்குழலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஓடியவள் அதை மறந்தேபோய்விட்டாள். வேறு எந்த நர்ஸாக இருந்தாலும் "அச்சச்சோ" என்று திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டுச் சிரிப்பாள். எங்களுக்கு அப்படியில்லை. எங்கள் சட்டைப்பையில் வலிமருந்து என்றால் அது திருட்டுத்தான்.

நான் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூடி இறுக்கமாக இருந்தது. அளவு சரியாக அரை மில்லி. என்னைக் கவிழ்த்த அதே மருந்து. இருபத்தொரு மாதம் கழித்து என் விரல்களுக்கு நடுவில் இருக்கிறது. கை நடுங்கியிருக்க வேண்டும், நாக்கு வறண்டிருக்க வேண்டும். ஒன்றுமே ஆகவில்லை. என் மண்டை முழுக்க ஒரே நினைப்புத்தான்: ஒழிந்தாள் இவள்.

அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"அலமாரி மெஷின்ல காட்டிடும் லார்னா. மீதி எங்கன்னு இந்நேரம் கேட்டிருக்கும்." அவள் முகம் வெளுத்திருந்தது. "சாவி இருக்கிற மார்ஜ்கிட்ட கேட்டா கொட்டினதைப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுடுவா."

போடுவாள். டெனிஸுக்காக அந்த வார்டே போடும். எனக்காக ஒரு நாதி போடாது.

"கேளேன்," என்றேன். அவள் இன்னும் ஆழமாகப் புதையட்டும் என்றுதான் சொன்னேன்.

டெனிஸ் போனை எடுத்தாள். மார்ஜின் நம்பரைத் தேடி எடுத்தாள். பிறகு உள்ளே வைத்துவிட்டாள்.

"வேணாம். பொய் சொல்லிச் சொல்லித்தானே இந்தக் கதிக்கு வந்தோம். காரைத் திருப்பு."

சனியன், இதிலும் சரியாகத்தான் நடப்பாளா?

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது என் கையிலிருந்து ஊசிக்குழலை வாங்கிக்கொண்டாள். "நீ உள்ள வராத. இதை நீ தொட்டதா நான் சொல்லவே மாட்டேன். பதினஞ்சாம் தேதி இருக்கு உனக்கு."

அவள் பனியில் வழுக்கி வழுக்கி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிஷம்கூட இருப்புக் கொள்ளவில்லை. நானும் இறங்கிப் போனேன். அவளைக் காப்பாற்றப் போனேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

பேட்ரிஸின் அறைக் கதவு திறந்திருந்தது. ஊசிக்குழல் மேஜைமேல் இருந்தது. நான் வாசலிலேயே நின்றேன்.

"மூணு மணிலேர்ந்து இது உன்கிட்ட இருந்திருக்கு," என்றார் பேட்ரிஸ். "நடுவுல நீ இதைத் தொறக்கலன்னு யாருக்குத் தெரியும்? உள்ள இருக்கிறது மருந்தா, நீ பிடிச்சு வச்ச தண்ணியா? வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல. நான் மட்டுந்தான்."

"அப்போ நான் என்னம்மா பண்றது? சாவியை நிறுத்தி வச்சுட்டுப் போர்டுக்கு எழுதத்தான் வேணும்."

"எழுதுங்க. உங்க இடத்துல இருந்தா நானும் நம்ப மாட்டேன்."

அவ்வளவுதான், முடிந்தது. நான் நினைத்தது நடந்துவிட்டது. பேசாமல் திரும்பி நடந்திருந்தால் போதும். அடுத்த வாரம் எனக்குச் சாவி, அவளுக்குக் கையுறை. அப்போதுதான் டெனிஸ் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. வாயைத் திறக்காதே என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவியில் முந்திக்கொண்டாள், சிறுநீரில் முந்திக்கொண்டாள், இப்போது நல்லவளாக இருப்பதிலுமா? என்னைக் காப்பாற்றிவிட்டுப் போய்ப் பதினொன்றாம் அறையைத் துடைப்பாளாம், நான் ஆயுசுக்கும் அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு திரிய வேண்டுமாம். மாட்டேன், அதை மட்டும் தாங்கவே மாட்டேன்.

"நான் தொட்டேன்," என்றேன்.

பேட்ரிஸ் நிமிர்ந்தார். "என்ன சொன்ன?"

"கையில எடுத்து வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். மூடியைத் தொறக்கல. சரியா அரை மில்லி இருந்துச்சு. லாக்கர் ரூம்லேர்ந்து இவ என் கண்ணு முன்னாடிதான் இருந்தா, பாத்ரூமுக்குக்கூடப் போகல. வேணும்னா லேபுக்கு அனுப்பிப் பாருங்க."

"லார்னா, நீ என்ன சொல்றேன்னு உனக்குப் புரியுதா? பதினஞ்சாம் தேதி..."

"நல்லாவே புரியுது."

பேட்ரிஸ் எழுந்து வந்து என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கையில இருந்தப்போ போட்டுக்கணும்னு தோணுச்சா?"

"இல்ல."

"நிஜமாவா? என்னதான் தோணுச்சு?"

"இவ ஒழிஞ்சான்னு தோணுச்சு. அதுக்கப்புறம் வேற எதுக்கும் உள்ள இடமில்ல."

டெனிஸ் வாயைப் பிளந்தபடி நின்றாள்.

அன்றைக்கே இருவரிடமும் சிறுநீர் கேட்டார்கள். அவளுக்கு உடனே வந்துவிட்டது. எனக்கு மூன்று டம்ளர் தண்ணீர் ஆயிற்று.

ஊசிக்குழலில் இருந்தது அசல் மருந்துதான் என்று லேப் சொன்னது. டெனிஸுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். சாவி அவளிடமே இருந்தது. எனக்கு வந்த கடிதம் கொஞ்சம் நீளம். எனக்குத் தடைசெய்யப்பட்ட மருந்தைக் கையாண்டதால் என் விஷயம் ஆறு மாதம் தள்ளிவைக்கப்படுகிறதாம். குளிர்பெட்டிக் கதவில் பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். ஒட்டிவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நாய் வந்து முகத்தை நக்கியது.

மறுநாள் என் ஏழாம் நம்பருக்கு டெனிஸ் ஊசி போட்டாள். வெளியே வந்தவளிடம், "எந்த ரூம்?" என்றேன். நமக்குள் என்ன என்று ஆரம்பித்தால் கன்னத்தில் ஒன்று கொடுப்பது என்று இருந்தேன்.

அவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"பதினொண்ணு," என்றாள். "போர்வை வரைக்கும் போயிருக்கு. ரெண்டு ஜோடி கையுறை எடுத்துக்கோ."

அடுத்த புதன்கிழமை சர்ச் அடித்தளத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். கடவுள் என்றாள் ஒருத்தி. பேரன் என்றாள் இன்னொருத்தி. என் முறை வந்தது. எழுந்து நின்றேன்.

"டெனிஸ்," என்றேன்.

"ஆஹா!" என்றார்கள் எல்லாரும். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ கைதட்ட ஆரம்பிக்க, எல்லாரும் தட்டினார்கள். டெனிஸ் மட்டும் தட்டவில்லை. காப்பிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். நான் அவளை முறைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.