கவுன்சிலரின் வாய்க்குள் போன பந்து

கவுன்சிலர் துஷார் மைத்தியின் வாய்க்குள் நான் ஒரு கால்பந்தை உதைத்து ஏற்றியிருக்கிறேன். அறுபத்தெட்டு வயதில், ஒரே உதையில். முழுசாக ஐந்தாம் நம்பர் பந்து. அது உள்ளே போன பிறகும் மனுஷன் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

நம்பமாட்டீர்கள். எங்கள் ஊர் ஷிமுல்டாங்காவிலும் யாரும் நம்பவில்லை. ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டிய இந்தப் பரேஷ் குஹதாகுர்தா, வாழ்நாளில் சொன்ன உண்மைகளை எண்ண ஒரு கை போதும் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அபாண்டம். இரண்டு கை வேண்டும்.

எங்கள் கால்பந்துச் சங்கத்து மைதானம் அந்தக் காலத்து ஜமீன்தார்கள் ராய்பாபுகள் எழுதிக்கொடுத்தது. பத்திரத்தில் ஒரே நிபந்தனை. பொய்லா பொய்ஷாக், அதாவது எங்கள் வருஷப் பிறப்பு, அன்று காலையில் கோல் கம்பத்துக்குப் பூஜை நடக்க வேண்டும். நல்ல நேரம் முடிவதற்குள் வருஷத்தின் முதல் பந்து கோலுக்குள் போக வேண்டும். ஒரு வருஷம் தவறினாலும் மைதானம் நகராட்சிக்கு. தொண்ணூறு வருஷமாகத் தவறவில்லை. ஒரு தடவை புயலில் பறந்துபோன கம்பம், பூஜைக்கு முந்தின நாள் பக்கத்து ஊரிலிருந்து தானாக நடந்து வந்து நின்றது. அதை விடுங்கள்.

மைத்திக்கு அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்ட ஆசை. வங்காளத்தில் பிறந்துவிட்டு மைதானத்தைப் பார்த்துப் பந்தி போடும் இடம் என்று நினைக்கிறவனை என்னவென்று சொல்வது?

போன வருஷப் பிறப்பன்று காலை ஆறரைக்குப் புது வேட்டியும் புதுச் செருப்புமாகப் போனேன். கோலைக் காணோம். கோல் இருந்த இடத்தில் மைத்தி இருந்தார். இருபத்துநாலு அடி அகலம், எட்டு அடி உயரம். கம்பத்திலிருந்து கம்பம் வரை ஒரே முகமாகத் துணி பேனர். வாய் நிறையப் பல். எங்கள் மேல்கம்பத்திலேயே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு மேடை, மேடையில் ஹார்மோனியம், ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் அசல் மைத்தி.

“என்ன மைத்திபாபு இது? கோலையே மறைச்சு வெச்சிருக்கீங்க!”

“பரேஷ்தா! புது வருஷ வாழ்த்துகள். மத்தியானம் கலைநிகழ்ச்சி முடியட்டும், நானே அவுத்துக் குடுக்கறேன். இந்தாங்க, சந்தேஷ் ஸ்வீட் எடுத்துக்கோங்க.” அண்ணன் என்கிற அர்த்தத்தில் ‘தா’ வேறு!

“ஏழே முக்காலுக்கு நல்ல நேரம் முடியுது.”

“அட, பந்துதானே? சாயந்திரம் உதைங்க.”

பந்துதானேவாம்! எனக்கு உச்சந்தலையில் சோறு வடிக்கலாம் போலச் சூடேறியது. பேனரைத் தொடலாம் என்று பார்த்தால், கம்பத்துக்கு நாலு பேராக அவருடைய ஆட்கள் கைகட்டி நின்றார்கள். புரோகிதர் சக்கரவர்த்தி இரண்டு கம்பங்களுக்கும் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, மந்திரத்தை ரயிலுக்குப் போகிறவர் மாதிரி வேகமாக முடித்தார்.

“சாமிக்குக் கம்பம் தெரிஞ்சா போதும்,” என்றார் என் காதில். “பந்துக்குத்தான் வழி இல்ல.”

முதல் உதை கேப்டனுடையது. சுபோல் பந்தை வைத்தான், பேனரைப் பார்த்தான், வியர்த்தான்.

“பரேஷ்தா, அவர் மூஞ்சிலயா உதைக்கச் சொல்றீங்க? நகராட்சில வேலைக்கு மனு போட்டிருக்கேன்.”

மற்றப் பத்துப் பேரும் திடீரென்று செருப்பு வார் சரிசெய்யக் குனிந்துகொண்டார்கள். மணி ஏழு நாற்பது.

“தள்ளுடா,” என்றேன்.

கோட்டோரமாக நின்ற ஹரிசாதன் ஷீல் கனைத்தான். முப்பது வருஷம் கொல்கத்தா லீக்கில் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தவன். இன்றைக்கும் மீன் வாங்கப் போனாலும் பையில் கொடி இருக்கும். அவன் மேற்கு வங்காளத்திலேயே பூர்வீகமாக இருக்கிற ‘கோட்டி’, மோகன்பாகான் டீம் கட்சி. என் அப்பா கிழக்கு வங்காளத்துப் பாரிசாலிலிருந்து வந்த ‘பங்காள்’. நாங்கள் ஈஸ்ட் பெங்கால். அவர்கள் ஜெயித்தால் அன்று அவர்கள் வீட்டில் இறால், நாங்கள் ஜெயித்தால் எங்கள் வீட்டில் ஹில்சா மீன். அறுபது வருஷச் சிநேகிதத்தில் நான் சொன்ன எதையும் அவன் ஒப்புக்கொண்டது கிடையாது. மழை பெய்கிறது என்று சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்ப்பான்.

“டேய் பங்காள், நீ உதைச்சா பந்து போகாது. உன் முட்டிதான் போகும்.”

“நீ ஓரமா நின்னு கோட்டைப் பாருடா, இறால்தின்னி!”

உதைத்தேன். சத்தம் கங்கைக்கு அக்கரை வரை கேட்டதாக அக்கரையில் இருப்பவர்களே சொன்னார்கள். பந்து மைத்தியின் முன்பற்களில் பட்டது, துணி கிழிந்தது, உள்ளே போய் மறைந்தது. மேடையில் அசல் மைத்தியின் வாய் திறந்துகொண்டது. பேனரை விடப் பெரிதாக. யாரும் கை தட்டவில்லை. ஆனால் நான் ஒன்றைப் பார்த்தேன். ஹரிசாதன் திரும்பி நடுக்கோட்டை நோக்கி நடந்தான். கோல் ஆனால் லைன்ஸ்மேன் அப்படித்தான் நடப்பான்.

பத்தாவது நாள் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. இந்த வருஷம் முதல் பந்து கோலுக்குள் போகவில்லையாம், பேனரைக் காற்று கிழித்ததாம், மைதானத்தை ஒப்படைக்க வேண்டுமாம். காற்று! அன்றைக்கு இலைகூட அசையவில்லை, அதற்குப் பல் மட்டும் கண்ணுக்குத் தெரிந்ததா?

சாட்சிக்கு ஆள் தேடினேன். சுபோல் மனுவை நினைத்துக்கொண்டான். புரோகிதர், “என் மகன் மிட்டாய்க்கடை நகராட்சி இடத்துல இருக்கு, பரேஷ்பாபு,” என்று கும்பிட்டார். மிச்சம் ஹரிசாதன்தான்.

“நீ பாத்தேடா. நடுக்கோட்டுக்கு நடந்தியே!”

“டீ குடிக்கப் போனேன்.”

“மைதானம் போயிடும்டா!”

“அதுக்காக? உனக்கு ஒரு கோல் குடுக்கணுமா நான்? தெருவுல நீ சொல்லிக்கிட்டுத் திரியறதைக் கேட்டேன். முதல் நாள் முப்பது கஜம், மூணாம் நாள் அறுபது. காத்துதான் கிழிச்சிருக்கும், போ.”

என் ஆயுளில் ஒரே ஒரு தடவை உண்மையைக் கையில் வைத்திருக்கிறேன், வாங்க ஆளில்லை!

நகராட்சி ஆபீஸில் நடந்த விசாரணைக்கு மொத்தத் தெருவும் வந்திருந்தது. சேர்மன் மதுஸ்ரீ திதி, அதாவது மதுஸ்ரீ அக்கா, கண்டிப்பானவர். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“பரேஷ்தா, எங்கேயிருந்து உதைச்சீங்க?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

“மைதானத்துக்கு வெளியே இருக்கிற குளத்துக்கு அந்தக் கரையிலேருந்து, திதி.”

அறையே குலுங்கியது. மைத்தி சிரித்த சிரிப்பில் எல்லாப் பல்லும் தெரிந்தது. “கேட்டீங்களா திதி? இவர்தான் இவங்களோட ஒரே சாட்சி. எழுதிக்கலாமா?” பேனா காகிதத்துக்குப் போனது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். தொண்ணூறு வருஷத்து மைதானத்தை என் வாயே விழுங்கிவிட்டது.

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. ஹரிசாதன் எழுந்தான்.

“இவன் சொல்றது சுத்தப் பொய், திதி.”

மைத்தி திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“குளமாவது, கரையாவது! பன்னெண்டு தப்படி. அப்பவே நடந்து அளந்துட்டேன். கண்ணை இறுக்க மூடிக்கிட்டு விரல் நுனியால உதைச்சான். பந்துக்கு முன்னாடி செருப்பு பறந்து ஹார்மோனியத்து மேல விழுந்துச்சு. அதை எந்தத் தெருவுலயும் சொல்லலை பாருங்க, இந்தப் பங்காள்.”

மறுபடி சிரிப்பு. திதி மேஜையைத் தட்டினார். “செருப்பை விடுங்க ஹரிசாதன்பாபு. பந்து?”

ஹரிசாதன் என்னைப் பார்த்தான், கசப்பு மருந்தைப் பார்க்கிற மாதிரி. பையிலிருந்து அந்தப் பழைய கொடியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“ஏழு மணி நாப்பத்தொண்ணு. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல புகுந்து, முழுப் பந்தும் கோட்டைத் தாண்டுச்சு. வருஷப் பிறப்புன்னு டீக்கடை மூடியிருந்துச்சு, திதி. நான் நடுக்கோட்டுக்குத்தான் போனேன்.” பிறகு என் பக்கம் பார்க்காமலே சொன்னான். “கோல்தான். நடந்தது.”