மாற்று ஆள் வாய் திறப்பதற்குள்

எங்கள் அயோவா ஊர்க் கல்லூரியில் ஓரின் ஹாஸ்கெல்தான் எல்லாவற்றுக்கும் கோச். இலையுதிர் காலத்தில் கால்பந்து, பனி விழுந்தால் கூடைப்பந்து. எங்கள் கால்பந்து என்றால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவது. பக்கத்து ஊர்க் கல்லூரியை இந்த வருடமாவது ஜெயிக்காவிட்டால் வேலை கிடையாது என்று கல்லூரித் தலைவர் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஆட்டம் முடியும் தறுவாயில் இரு பக்கமும் சமம். எங்கள் பலமே பண்ணைக்காரர் மகன் நெல்ஸ் பிரெக்கேதான். ஒரு மோதலில் விழுந்து எழுந்தவன், எதிரணி வரிசையில் போய் நின்றுகொண்டான்.

"டேய் நெல்ஸ், அந்த வீட்டுக்கே மாப்பிள்ளையா போயிட்டியாடா?" என்றது கூட்டம்.

கூட்டாளிகள் அவனை எங்கள் பக்கம் இழுத்து வந்தார்கள். ஹாஸ்கெல் சிரிக்கவில்லை, அடியில் பையனுக்குத் தலை கலங்கிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. அவனை வெளியே எடுக்கலாம். எடுத்தால் கடைசிப் பகுதி முடியும்வரை திரும்ப இறக்க முடியாது, விதி அப்படி. வெளியிலிருந்து கோச் குரல் கொடுத்தாலும் தண்டனை. பெஞ்சிலிருந்த டியூயியைக் கூப்பிட்டார்.

"வேற ஒருத்தனுக்குப் பதிலா நீ உள்ள போ. நெல்ஸுக்குப் பந்து குடுக்க வேணாம்னு கேப்டன்கிட்ட சொல்லு. அவன் சும்மா நிக்கட்டும், எதிராளி பயப்படுவான்."

"அவனையே வெளிய கூப்பிட்டுரலாமே, கோச்?"

"சொன்னதைச் செய்டா."

கோச் சொல்லியனுப்புவதைத் தடுக்க இன்னொரு விதியும் உண்டு. உள்ளே போன மாற்று ஆள், ஒரு தடவை பந்து ஆடி முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. ஹாஸ்கெலுக்குத் தெரியாததல்ல. ஒரு தடவைதானே என்று நினைத்துவிட்டார்.

டியூயி கேப்டனைப் பார்த்துத் தலையை ஆட்டினான், கண்ணை உருட்டினான். நடுவர் விரலை நீட்டி மிரட்டினார். பந்து யாருக்கு என்று சொல்லும் ரகசிய எண்களைக் கேப்டன் கத்தினான். பந்து நெல்ஸிடம் போனது.

எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டான் பிள்ளை. அவன்மேல் ஒரு கும்பலே விழுந்தது. ஜெயித்தோம் என்று தொப்பிகள் பறந்தன. மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நெல்ஸ் எழவில்லை.

மறுநாள் ஹாஸ்கெல் பிரெக்கே பண்ணைக்குப் போனார். தகப்பன் ஹால்வர் மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தார். யார் செத்தாலும் மாடு காத்திருக்காதே.

"பையனுக்கு முன்னாடியே தலை கலங்கியிருந்துச்சாமே?"

"ஆமாங்க."

"அப்புறம் ஏன் வெளிய எடுக்கல?"

"எடுத்தா... மறுபடி ஆட முடியாதுங்க."

"ஆடாட்டி என்னய்யா? ராத்திரி சாப்பிட வந்திருப்பான்ல."

கல்லூரி சொன்னபடி வேலையை நீட்டித்தது. குளிர்காலத்தில் கூடைப்பந்து தொடங்கியது. ஒருவன் முழங்காலைத் தடவினாலே ஹாஸ்கெல் வெளியே இழுத்துவிடுவார். ஆள் தீர்ந்துபோய் நாலு பேரோடு ஆடித் தோற்றோம். அடுத்த வாரமும் தோற்றோம்.

"கோச், பசங்களைப் பஞ்சுல சுத்திப் பெட்டியில வச்சிருங்க!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். கத்தியவனே பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

வசந்தத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். நிர்வாகிகள் கூடிய அறையில் அவரை உட்கார வைத்து, தோல்விகள்தான் காரணம் என்றார் தலைவர். கண்ணுகளா, நெல்ஸைப் பற்றி அந்த அறையில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தன் தப்பைச் சொல்லியிருப்பார், அதற்காகவே கடைசிவரை நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தார்.