அட்டைப்படத்துப் பேரன்

இருபத்தைந்து வருஷம் கதாநாயகிகளைத் துரத்தித் துரத்திக் காதலித்த ரோலண்ட் பிரைஸுக்கு ஐம்பத்து மூன்றாம் வயதில் முதல் தாத்தா வேஷம் வந்தது. மகளுக்குக் குழந்தை பிறக்கப் போவதாகக் கேள்விப்பட்டு மிரண்டுபோகும் அப்பாவின் கதை. அந்த வருஷம் ஹாலிவுட்டில் எந்த ஸ்டுடியோவைப் பார்த்தாலும் ஒரு தாத்தா படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

படப்பிடிப்பு தொடங்கிய மூன்றாவது வாரம் அவருடைய சொந்த மகள் டோரீனுக்கும் பெண் குழந்தை பிறந்தது. ஸ்டுடியோவின் விளம்பரப் பிரிவில் இருந்த சிட் மாஸ்லோவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது.

"சார், சாமி கண்ணைத் தொறந்துட்டாரு! திரையிலயும் தாத்தா, வீட்டுலயும் தாத்தா. பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, பத்திரிகைக்கு ஒரே ஒரு படம்."

"என் பொண்ணு ஒத்துக்கமாட்டாப்பா."

"பெத்த அப்பா கேட்டா ஒத்துக்கமாட்டாங்களா?"

ஏன் ஒத்துக்கொள்ளமாட்டாள் என்பதைத்தான் சிட்டிடம் சொல்ல முடியவில்லை. டோரீனுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே அவரும் அவள் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். பர்பேங்கில் இருக்கும் மகள் வீடு காரில் இருபது நிமிஷம். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அங்கே போனது இரண்டே முறை. குழந்தையை இன்னும் பார்க்கவில்லை. 'இந்த ஞாயிறு' என்று நாலு ஞாயிறு கடந்துவிட்டது.

இருந்தாலும் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னதும் டோரீன் கேட்டாள்:

"எனக்கு ஆறு வயசுல என்னைக் குட்டிக் குதிரைமேல உக்காரவச்சு ஒரு படம் எடுத்தாங்களே, ஞாபகம் இருக்காப்பா?"

"இருக்கும்மா."

"கேமராக்காரன் போனதும் நீங்களும் போயிட்டீங்க. நான் இன்னும் குதிரைமேலயே இருந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு வருவீங்கன்னு அம்மா சொன்னாங்க." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். "பாப்பாவைப் பாக்கணும்னா வாங்க. கேமரா மட்டும் வேணாம்."

சிட்டிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். சிட் தோளைக் குலுக்கிக்கொண்டு போனான். மறுநாள் இடைவேளையில் ரோலண்ட், படத்தில் நடிக்க வாடகைக்கு வந்திருந்த ஆண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது. படத்துக்கான விளம்பரம் என்று நினைத்துச் சிரித்தார். சிரிப்பது அவருக்குத் தொழில்.

இரண்டு வாரம் கழித்துப் பத்திரிகை வந்தது. அட்டையிலேயே அவர். கீழே கொட்டை எழுத்தில்: 'தன் பேரனுடன் ரோலண்ட் பிரைஸ்!'

சிட்டின் அறைக்கு ஓடினார்.

"யோவ், இது யார் பெத்த பிள்ளையோ! எனக்குப் பொறந்திருக்கிறது பேத்தி!"

"பேரனோ பேத்தியோ, இந்த வயசுல எல்லாம் ஒரே மாதிரிதானே சார் இருக்கு?"

"மறுப்புப் போடச் சொல்லு."

"அஞ்சு லட்சம் பிரதி சார். அஞ்சு லட்சம் வீட்டுக்கும் போய்க் காதுல சொல்லவா? அதுலயும் 'பேத்தியைத் தூக்காத தாத்தா'ன்னு எவனாவது எழுதிட்டான்னா படம் படுத்துடும்."

பத்திரிகையை மேஜைமேல் எறிந்துவிட்டு வெளியே வந்தார். காரை எடுத்தவர் நேரே பர்பேங்குக்குத்தான் விட்டார்.

கதவைத் திறந்த டோரீனின் தோளில் குழந்தை இருந்தது. அட்டைப்படத்தை மளிகைக் கடையிலேயே பார்த்துவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா..."

"உங்களுக்கு எதுதாம்ப்பா தெரியும்?" என்றவள் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். "இவ பேரு பெவர்லி. நல்லாப் பாத்து வச்சுக்குங்க, மாறிடப்போகுது."

குழந்தை அவர் நினைத்ததைவிடச் சூடாகவும் கனமாகவும் இருந்தது. கழுத்தை எப்படித் தாங்குவது என்று புரியாமல் நடுக்கூடத்தில் அப்படியே நின்றார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மிஸஸ் ஹேகன் கையில் பத்திரிகையோடு மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"காரைப் பாத்ததுமே நெனச்சேன், நீங்களேதான்! ஒரு கையெழுத்துப் போடுங்க சார். எங்க உங்க பேரன்?" என்றவள், குழந்தையின் ரோஜா நிறத் தொப்பியைப் பார்த்துத் தயங்கினாள். "இது பொண்ணு மாதிரில்ல இருக்கு? டோரீன், நீ கூடப் பொண்ணுன்னுதானே சொன்னே?"

ரோலண்ட் திருதிருவென்று விழித்தபடி மகளைப் பார்த்தார்.

டோரீன் அவரைப் பார்த்தாள், அட்டைப்படத்தைப் பார்த்தாள்.

"அவன் உள்ள தூங்குறான்" என்றாள்.

"அடி ஆத்தாடி, ரெட்டையா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ! இன்னொரு ஸ்வெட்டர் பின்னணுமே!"

குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு மறு கையால் அட்டைப்படத்தில் இருந்த யாரோ பெற்ற பிள்ளையின் காலடியில் கையெழுத்துப் போட்டார் ரோலண்ட். மிஸஸ் ஹேகன் தெருவுக்கே சேதி சொல்லும் வேகத்தில் கிளம்பிப்போனாள்.

"எனக்காகவா பொய் சொன்னே?" என்றார் மெதுவாக.

"உங்க மூஞ்சியைப் பாக்கச் சகிக்கலை."

"நாளைக்குப் பையனைக் காட்டுன்னு வருவாளேம்மா. என்ன பண்றது?"

"எனக்குத் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு டோரீன் சோபாவில் சரிந்தாள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து சரியாகத் தூங்காதவள். அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் கண் அயர்ந்துவிட்டாள்.

பெவர்லி முகத்தைச் சுளித்து அழத் தயாரானாள். மகளை எழுப்பவும் மனமில்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை. "ச்சூ, ச்சூ, அம்மா தூங்கட்டும்" என்று கெஞ்சியபடி ரோலண்ட் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்க ஆரம்பித்தார்.