ஏழாம் பாட்டில் மூழ்குகிறவன்

எங்கள் ஊர்ப் பாடகி தாம்சின் வெரிலின் முதல் இசைத்தட்டு வெளியான வியாழக்கிழமை, அதன் ஏழாம் பாட்டில் மூழ்கிச் சாகிற மாலுமி அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். பெயர் ரால்ஃப். முந்நூறு வருஷமாக இங்கிலாந்தில் எங்கள் யார்க்‌ஷர் கரையில் பாடப்படுகிற ஆள், அறிமுகம் தேவைப்படவில்லை. அவள் டீ போட்டுக் கொடுத்தாள். பாதிக் கோப்பை குடிப்பதற்குள் எந்த ஊரிலோ யாரோ தட்டைச் சுழலவிட்டு ஏழாம் பாட்டுக்கு வந்துவிட்டார்கள். சமையலறையில் இடுப்பளவு கடல் ஏறியது. ரால்ஃப் நாற்காலியோடு சாய்ந்து செத்தான். பாட்டு முடிந்ததும் தண்ணீர் வடிந்தது, அவனும் எழுந்து உட்கார்ந்து இருமினான்.

"முன்னெல்லாம் வருஷத்துக்கு நாலஞ்சு தடவைதாங்க சாவேன், பப்புல யாராச்சும் பாடினா. இப்ப மூச்சு விட நேரமில்ல. இந்த ஊர்ல எல்லாரும் சேர்ந்து கடைசிச் சரணத்தை மாத்திப் பாடிட்டா தட்டுலயும் மாறிடும். கொஞ்சம் பாருங்களேன்," என்றான்.

தாம்சினுக்கு வெட்கமும் பயமும் பிடுங்கித் தின்றன. பத்து வருஷம் ஆசைப்பட்டுச் செய்த தட்டு ஒரு மனுஷனை ஓயாமல் கொல்கிறது! அன்றே புதுச் சரணம் எழுதினாள். அதில் ரால்ஃப் ஒரு பலகையைப் பிடித்துக் கரையேறுகிறான்.

ஆனால் எங்கள் பப்பில் பாடுகிறவர் தனியாகப் பாட முடியாது. கடைசிச் சரணம் வந்தால் கூடமே சேர்ந்துகொள்ளும், அதுதான் வழக்கம். செவ்வாய்க்கிழமை நாற்பது பேரும் புது வரிகளைக் கையில் எழுதிவைத்துக்கொண்டு தலையாட்டினார்கள். இடம் வந்ததும் நாற்பது வாயும் பழைய வரிக்கே போயின. அடுத்த வாரமும் அப்படியே. மீன்பிடிக்கும் ஹோபர்ட் தேம்பி அழுதார்.

"வேணும்னு பண்ணலம்மா. வாயைத் தொறந்தா அதுதான் வருது. நான் பொறந்ததுலேர்ந்து அவன் செத்துக்கிட்டேதானே இருக்கான்!"

மூன்றாம் வாரம் பழைய வரி வந்துவிடாதபடி ஹோபர்ட் பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார், எல்லோரும் மூடிக்கொண்டார்கள். தாம்சின் மட்டும் புது வரியைத் தொடங்கினாள். அப்போது மூலையிலிருந்து பழைய வரியைத் தாழ்ந்த குரலில் அழகாக எடுத்தது வேறு யாருமில்லை, ரால்ஃபேதான். உடனே கூடமும் சேர்ந்துகொண்டது.

"அடப்பாவி, நீயுமா?" என்றாள்.

"என்னங்க செய்றது, கீழ்க்குரலுக்கு ஆளே இல்ல. மனசு கேக்கல," என்றான். அப்புறம் செத்தான்.

அதற்குப்பின் யாரும் முயலவில்லை. பத்திரிகைகள் ஏழாம் பாட்டைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. தன் தட்டு எவருக்கும் பிடிக்காமல் போகட்டும் என்று தாம்சின் ஞாயிறுதோறும் மண்டியிட்டாள், அதுவும் பலிக்கவில்லை. இரண்டாம் பதிப்பும் வந்தது.

இப்போது ரால்ஃப் தாம்சின் வீட்டிலேயே குடியிருக்கிறான். தபால்காரி முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறாள். தண்ணீர் ஏறும்போது தாம்சின் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். முதல் மாதங்களில் அழுதுகொண்டே பிடித்தாள். இப்போது மேசை மேலிருக்கும் ரொட்டியை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டு வந்து பிடிக்கிறாள்.