துளசிமணி வீட்டுச் சிறுவாடு

மற்ற ஊர்களில் சிறுவாடு என்பது பெண்கள் மிச்சம் பிடித்துச் சேர்க்கும் காசு; கிணத்துமேட்டு வீதியில் அது ஓர் ஆள். வீட்டுக்கு ஒருவன், பரண்மேல் இருப்பான். ஆபத்து வந்தால் அவனே இறங்கி, தலை சீவி, செருப்பு மாட்டிக்கொண்டு தலைவாசல் வழியாக வெளியே போவான். போனால் ஆபத்து தீரும். அவன் திரும்பி வரமாட்டான். அப்புறம் மறுபடி முதலிலிருந்து வளர்க்க வேண்டும்.

வளர்ப்பது பெண்களின் வேலை. தாளிக்கும்போது ஒரு கரண்டி எண்ணெயைக் குறைத்தால் அது அவனுக்கு ரத்தமாகும். பஸ் ஏறாமல் நடந்தால் அந்த நடை அவன் காலில் சேரும். கேட்ட பிள்ளைக்கு இல்லை என்று சொன்னால் அந்த இல்லை அவனுக்கு எலும்பாகும். மற்றதைவிட எலும்புதான் சீக்கிரம் வளர்ந்தது. பிள்ளைகள் நிறையக் கேட்பார்கள்.

துளசிமணி எட்டாம் வகுப்போடு நின்றவள். பனியன் கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் துணிகளுக்கு வீட்டிலேயே உட்கார்ந்து பிசிறு வெட்டுவாள். அவளுடைய கணவன் நாச்சிமுத்து அதே பனியன்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போவான். அவளுடைய அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று, பிறந்த வீட்டுப் பரணில் ஒரு கிழிந்த முறம் மட்டும்தான் இருந்தது. முறம் இறங்கி நடக்காது. அதை அவள் மறக்கவில்லை. கல்யாணமாகி வந்த மறுநாளே உலை அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்தாள். சாயங்காலம் பரணில் விரல் நீளத்துக்கு ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

அவளைப் போல வளர்த்தவர்கள் அந்த வீதியில் இல்லை. பக்கத்து வீட்டுப் பேபியக்காவின் சிறுவாடு முழங்கால் உயரத்தைத் தாண்டியதே கிடையாது. நோம்பி, பண்டிகை வந்தால் அனுப்பிவிடுவாள். மிக்சி ஓடாவிட்டால் அனுப்பிவிடுவாள். ஒருமுறை சம்பந்தி வீட்டார் திடீரென்று வந்துவிட்டார்கள் என்று கறி வாங்க அனுப்பினாள். அந்தப் பிள்ளையும் தலை சீவிக்கொண்டு சிரித்தபடி போயிற்று.

"ஏம்மிணி, உன்னோடவன் பரண் முட்ட வளந்துட்டானாட்ட இருக்குது. இப்படியே போனா எலெக்சன்ல நின்னுருவான். ஜெயிச்சா நம்ம வீதிக்கு ஒரு பைப்பு போடச் சொல்லு" என்பாள் பேபியக்கா.

"உன்னோடவனை ஆரும் மிதிச்சுப்போடாம பாத்துக்கக்கா" என்று துளசிமணி சொல்லுவாள். ஆனால் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்ப்பாள். அவன் நல்ல பையன். அழுகைச் சத்தம் எங்கே கேட்டாலும் எழுந்து சட்டையைச் சரி செய்துகொள்வான்.

அதுதான் அவளுக்குத் தொந்தரவாக இருந்தது. ஓட்டை விழுந்த கூரையில் மழை ஒழுகியபோது இறங்கப் பார்த்தான். "இது இல்ல சாமி, குண்டா வெச்சாப் போதும், மேல போ" என்றாள். டெம்போவுக்கு டயர் வெடித்தபோது பாதி ஏணி வந்துவிட்டான். அப்போதும் ஏற்றி அனுப்பினாள். ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது போலப் பார்ப்பாள். இதைவிடப் பெரியது ஒன்று நாளைக்கு வந்தால் என்ன செய்வது என்று தோன்றும். நாளைக்கு வருவதைவிட இன்றைக்கு வந்தது சிறியதாகத்தான் இருக்கும். அதனால் அவன் ஒவ்வொரு தடவையும் மேலே போனான். அனுப்பாமல் விட்டதும் அவனுக்கே போய்ச் சேரும் என்பதால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்ந்தான்.

மகள் பூர்ணிமாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்த அன்று அவன் கூப்பிடாமலே கீழே வந்து வாசற்படியில் நின்றான்.

"அம்மா, அவன் செருப்புப் போட்டுட்டு நிக்கறான் பாரும்மா" என்றாள் பூர்ணிமா.

"அது ஆசை கண்ணு. ஆபத்து இல்ல."

பூர்ணிமா அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை அவன் போயிருப்பான். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு நூல்மில் வேலைக்குச் சேர்ந்து அதன் விடுதிக்குப் போனாள். பரணில் படுத்திருந்தவனுக்கு அன்றைக்குத் தோள் அகன்றது.

பிறகு நாச்சிமுத்து ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவன் சொன்னான்: "இடது கண்ணுல நூலாம்படையாட்டத் தெரியுது புள்ள."

"பனியன் பஞ்சா இருக்குமுங்க."

"கழுவிப் பாத்துட்டேன்."

மேலே பலகை கிறீச்சிட்டது. அவன் காலைத் தொங்கவிட்டிருந்தான். உடம்பை ஒருக்களித்து, தலை குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்படியோ இறங்கி நின்றான். தலை உத்தரத்தில் இடித்தது.

"போகட்டுமாம்மா?" என்று கேட்டான். அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

துளசிமணி கணவனின் கண்ணைப் பார்த்தாள். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "வண்டிச் சூடு. வெளக்கெண்ணெய் வெச்சா போயிரும். நீ மேல போ சாமி" என்றாள். அவன் ஏறினான். ஏறும்போது ஏணியின் இரண்டு படிகள் முறிந்தன. அவற்றை அடுப்புக்கு வைத்துக்கொண்டாள். விறகு மிச்சம்.

விளக்கெண்ணெய் தீர்வதற்குள் வலது கண்ணிலும் நூலாம்படை வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "சர்க்கரை. ரெண்டு கண்ணுலயும் உள்ள கசியுது. இந்த வாரத்துக்குள்ள ஆபரேசன் பண்ணணும். ஆள் இருக்கில்ல வீட்டுல?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க. பெரிய ஆளு" என்றாள் துளசிமணி. அதைச் சொன்னபோது அவளுக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன. இத்தனை வருசமும் இதற்குத்தான் என்று நினைத்தாள். வீட்டுக்கு ஓடி வந்து, "எறங்கு சாமி, இதுதான் அது" என்று கூப்பிட்டாள்.

அவன் இறங்கினான். பரண் அவனோடு சேர்ந்து இறங்கியது. பரண் கிடந்த இடத்திலேயே அவன் எழுந்து உட்கார்ந்தான். எழுந்து நிற்க இடமில்லை. சமையலறையில் கால்களும் முன்னறையில் மார்புமாக இருந்தான். தலை சீவிக்கொண்டான். செருப்பு சுண்டுவிரலில்தான் ஏறியது. பிறகு தலைவாசலில் ஒரு தோளை வைத்துப் பார்த்தான். மறு தோளை வைத்துப் பார்த்தான்.

சிறுவாடு தலைவாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஜன்னல் வழியாகப் போனால் அது களவு போனதாகிவிடும்.

கொத்தனார் வேலுச்சாமியைக் கூட்டி வந்தார்கள். அவர் கயிறு வைத்து அவனை அளந்தார். அதே கயிற்றை வைத்துச் சுவரை அளந்தார்.

"இடிச்சுக் கட்டலாம். வாசல் பெருசாயிரும். ஆனா ஆள் எத்தனை பெருசோ அத்தனை பெரிய செலவு இது. சுவத்துக்கே இவன் போயிருவான்."

"கண்ணுக்குக் கொஞ்சம் மிஞ்சாதுங்களா?"

"சின்ன ஆளா இருந்தா ஓட்டையும் சின்னதுதானுங்க. அப்ப இடிக்கவே வேண்டியதில்லையே."

கொத்தனார் டீ குடித்துவிட்டுப் போனார்.

துளசிமணி பேபியக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை. பேபியக்கா ஒரு கேலியும் பேசவில்லை; அதுதான் தாங்கவில்லை. தன் பரணைப் பார்த்து, "தம்பி, வாடா" என்றாள். முழங்கால் உயரத்தில் ஒருவன் குதித்து இறங்கினான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். பேபியக்கா அதை அவிழ்த்துச் சரியாகப் போட்டாள்.

"ஒரு கண்ணுக்குத்தான் ஆவான் அம்மிணி. பாத்துக்க."

"உனக்கு ஒண்ணுன்னா என்னக்கா பண்ணுவே?"

"வந்தாப் பாத்துக்கலாம். வரலைன்னா இவன் சும்மா உக்காந்திருக்கப் போறானா? ஒரு வாரத்துல அடுத்தவன் மொளச்சுருவான். போ, நிக்காத."

டெம்போவில் நாச்சிமுத்துவுக்கும் துளசிமணிக்கும் நடுவே அந்தச் சின்னவன் உட்கார்ந்து வந்தான். வேறு ஒருவர் வண்டி ஓட்டினார். எந்தக் கண் என்று டாக்டர் கேட்டார். துளசிமணி இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். நாச்சிமுத்துதான் சொன்னான்: "வலதுங்க. அதுதான் இன்னும் கொஞ்சம் தெரியுது. தெரியறதைக் காப்பாத்துங்க." ஒரு நர்ஸ் சின்னவனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். பூர்ணிமா வயதுதான் அந்தப் பெண்ணுக்கு. கதவு மூடுவதற்குள் சின்னவன் திரும்பிக் கை காட்டினான்.

வலது கண் தப்பித்தது. இடது அணைந்துவிட்டது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு டெம்போ ஓட்டக் கூடாது என்றார்கள். நாச்சிமுத்து ஒரு நூல் குடோனில் காவலுக்குப் போனான்.

பெரியவன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். அவன் மடியைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போக வேண்டும். ஒரு மத்தியானம் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவளிடம் அவன் மெதுவாகச் சொன்னான்: "போகட்டுமான்னு கேட்டனேம்மா."

"கேட்ட சாமி" என்றாள் துளசிமணி. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் அவன் முழங்காலில் படிந்திருந்த பஞ்சைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பஞ்சு இருந்தது.

மழைக்காலம் முடிந்தபோது நாச்சிமுத்துவின் இடது கண்ணுக்கு ஏதோ தெரியத் தொடங்கியது. இந்த வீடு அல்ல.

"நீதான் இருக்கற. ஆனா உடம்பு பூசினாப்பல இருக்கற. நடு வகிட்டுல பூ இருக்குது" என்றான்.

"என்ன பண்ணிட்டு இருக்கறேனுங்க?"

"சிரிச்சுட்டு இருக்கற. சத்தம் கேக்க மாட்டீங்குது."

அவள் எழுந்து அவனுடைய இடது பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் கேட்பாள். இடது கண்ணில் இருந்தவள் புதுத் தோடு போட்டிருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் பலகாரம் வைத்தாள். மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு கார் வைத்துக் கொடிவேரி அணைக்குப் போய்க் குளித்தாள். மீன் வறுவல் தின்றாள்.

"அவ வீட்டுல பரண் மேல ஆரு இருக்கறாங்கன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள் துளசிமணி ஒரு நாள்.

நாச்சிமுத்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "ஆரையும் காணோம். தேங்காய் வெச்சிருக்கறா."

துளசிமணிக்கு அவளை நினைத்துக் கவலை பிடித்துக்கொண்டது. தோடு, கார், மீன் என்று இப்படிச் செலவு செய்கிறாளே, நாளைக்கு ஒன்று என்றால் எங்கே போய் நிற்பாள்? எடுத்துச் சொல்லவும் அவளுக்கு ஆள் இல்லை. மறுநாள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து, இடது கண்ணில் இருக்கிறவளுக்கு என்று மனதில் சொல்லி, டம்ளரில் போட்டு மூடினாள்.

சாயங்காலம் நாச்சிமுத்து, "அவ பரண்ல விரல் நீளத்துக்கு ஒருத்தன் வந்து உக்காந்திருக்கறான்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "எறக்கி விட்டுட்டா. பூ வாங்க அனுப்பிட்டா" என்றான்.

 மறுநாள் துளசிமணி இரண்டு பிடியாக எடுத்து வைத்தாள்.